க்ளீனர் மீனும் என் கையும்

மச்சான்,

இன்று காலை ஏஜெண்டு ஆள் தெர்மாகோல் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். மூடியைத் திறந்ததும் உப்புத் தண்ணீர் வாடை. பதினெட்டு வருடம் உங்கள் சட்டையிலிருந்து நான் துவைத்துப் போக்கிய வாடை. மேலே இருந்த பையில் ஒரு ஜோடி க்ளீனர் மீன். விரல் நீளம், நீல உடம்பில் கறுப்புக் கோடு. பார்த்ததும் உங்கள் ஞாபகம் வந்தது. பிரியத்தோடு வந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நான் நம் மீன்தொட்டிக் கடைக்கு வரத் தொடங்கிய முதல் வருடம் முன்தொட்டியில் இப்படி ஒரு ஜோடி இருந்தது. கூடவே பெரிய ஏஞ்சல் மீன் ஒன்று. அது வந்து வாயைத் திறந்து, செவுளை விரித்து, அசையாமல் நிற்கும். இந்தச் சின்னதுகள் அதன் மேலெல்லாம் ஊர்ந்து, ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் பொறுக்கித் தின்னும். வாய்க்குள்ளேயே புகுந்து வரும். பெரிய மீன் ஒன்றும் செய்யாது. நான் வாயடைத்து நிற்கும்போதே ஏஞ்சல் மீன் துள்ளி விலகியது. பெண் க்ளீனர் பூச்சியை விட்டுவிட்டு அதன் உடம்பு வழுவழுப்பைக் கடித்துவிட்டது. பூச்சியைவிட அதுதான் அதற்கு ருசி. உடனே ஆண் மீன் அதைத் தொட்டி முழுக்கத் துரத்தித் துரத்தி அடித்தது.

நீங்கள் குலுங்கிச் சிரித்தீர்கள். "பாத்தியாட்டி? பொண்டாட்டி கஸ்டமரக் கடிச்சா புருசன் கண்டிக்கணும். இல்லன்னா கஸ்டமர் திரும்ப வருவானா?"

நானும் சிரித்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

செம்பூரிலிருந்து ஒருவர் வந்தாரே, வழுக்கைத் தலைக்காரர். அவர் வீட்டுத் தொட்டியில் மொத்தமே ஐந்தாறு சின்ன மீன்கள். அங்கே ஒரு க்ளீனருக்கு என்ன பூச்சி கிடைக்கும்? பட்டினிதான். வேறு தீனி கொடுத்துப் பழக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். "தொட்டியக் கழுவவே வேண்டாம் சார், இது சுத்தமா வச்சிக்கும்" என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தனுப்பினீர்கள். மூன்று வாரத்தில் செத்த மீனைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "எத்தன மட்டம் சொல்லிருக்கேன், நீ வலையத் தொடாதன்னு! ஒன் கையால எடுத்த மீனு எது பொழச்சிருக்கு?"

அவர் சமாதானமாகி இன்னும் இரண்டு வாங்கிப் போனார். சாயங்காலம் மாஹிமிலிருந்து எனக்கு பலூடா வாங்கி வந்தீர்கள். "கடையில சொல்றத மனசுல வைக்காத. அது யாவாரம்." கடித்துவிட்ட பிறகு க்ளீனர் தன் துடுப்பால் பெரிய மீனின் முதுகைத் தடவிக் கொடுக்குமாம், அது ஓடிப்போகாமல் இருக்க. நம் மருமகள் ரிஸ்வானா போனில் காட்டினாள். எனக்கு அந்த பலூடாதான் ஞாபகம் வந்தது.

அதிலிருந்து எந்த மீன் செத்தாலும் என் கைதான் காரணம். "பாபி, நீங்க வேணாம், பாய் எடுக்கட்டும்" என்பார்கள் வருகிறவர்கள். அது கடையோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். உங்கள் தம்பி மகன் கல்யாணம் நினைவிருக்கிறதா? மாப்பிள்ளை வீட்டில் மூத்தவள் நான். பெண்ணுக்குக் கருகமணி கட்ட என்னைத்தான் கூப்பிட வேண்டும். மருதாணி வைத்த கையோடு போய் நின்றேன். உங்கள் தங்கச்சி காதருகே வந்தாள். "மைனி, தப்பா நெனைக்காதீங்க. ஒங்க கைராசி... எதுக்கு வீணா ஒரு பேச்சு?" என்று கருகமணியை என்னிடமிருந்து வாங்கி அவளே கட்டினாள். நீங்கள் நாலடி தள்ளி நின்றீர்கள். உங்கள் காதில் விழுந்தது, எனக்குத் தெரியும். யாவாரத்துக்குச் சொன்ன பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சஹன் வச்சாச்சா?" என்று சாப்பாட்டைக் கேட்டுக்கொண்டு போய்விட்டீர்கள்.

ஆண் மீனும் கடிக்கும், மச்சான். தொட்டி முன்னால் நின்று நின்று நானே பார்த்தேன். அதைத் துரத்த ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் போனபின் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்துக் கடையைத் திறந்தேன். நானே வலை போட்டு எடுத்துக் கொடுத்தேன், வேறு யார் இருக்கிறார்கள்? என் கை பட்ட மீன்கள் நன்றாகத்தான் நீந்தின. ஒருநாள் ரிஸ்வானா போனோடு ஓடிவந்தாள். "மாமி, ஏக் மினிட், இதப் பாருங்க. ஆம்பள க்ளீனர் மவுத்தாயிட்டா கூட்டத்துலயே பெரிய பொம்பள மீன் கொஞ்ச நாள்ல ஆம்பளயா மாறிடுமாம். சச்சீ!" கடைச் சாவி என் இடுப்பில் தொங்கியது. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சிரித்திருக்கக் கூடாது. இன்று மத்தியானம் கல்யாண் ஊரிலிருந்து ஒரு அண்ணன் வந்தார். போன மாதம் வாங்கிப்போன க்ளீனர் செத்துவிட்டதாம். தீனி பழக்குவதைச் சொல்ல மறந்தது நான். அவர் வாங்கிய அன்று ரிஸ்வானா கடையிலேயே இல்லை. இருந்தும் என் வாய் அவள் பக்கம் திரும்பியது. "எத்தன மட்டம் சொல்லிருக்கேன், நீ வலையத் தொடாதன்னு!" உங்கள் ராகம், அந்த இழுப்பு உட்பட. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த மீனைப் பார்க்க ஆரம்பித்தார். ரிஸ்வானா ஈரக் கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அண்ணே, அவ அன்னைக்குக் கடையிலயே இல்ல" என்றேன். "தப்பு என்னுது. தீனி விசயம் சொல்லாம விட்டது நான்தான்."

"இதக் கேக்கவா அவ்ளோ தூரத்துல இருந்து வந்தேன்?" என்று முனகிவிட்டு, ஒன்றும் வாங்காமல் போய்விட்டார். இனி வரமாட்டார். போகட்டும். புது ஜோடியைத் தொட்டியில் விடச் சொல்லி வலையை ரிஸ்வானா கையில் கொடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உங்கள் கடை, உங்கள் சாவி, உங்கள் ராகம் எல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன. அந்த ராகம் நான் கபருக்குப் போகும்வரை போகாது போலிருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். தப்பு என்னுது. நாக்கு வெந்துபோகவில்லை, மூச்சு முட்டவில்லை. இவ்வளவு சுலபமானதையா, மச்சான், எனக்குத் தராமலே போனீர்கள்?