களத்தில் காய்ந்த டிராகன்கள்

இன்று காலை ஒரு தேதியைத் தேடி, குறிப்பு அட்டைகள் வைத்த பெட்டிகளைத் திறந்தேன். ஓர் அட்டையின் முதுகில் காபிக்கொட்டையின் தொலி ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டப் போனவன் நிறுத்தி, முகர்ந்து பார்த்தேன். அந்த லேசான புளிப்பு இன்னும் போகவில்லை. நீங்கள் கணக்கெழுதிய எஸ்டேட்டின் காபிக் களத்து வாசம், ரைட்டரே.

போன வியாழக்கிழமை எனக்கு வாய்மொழித் தேர்வு. உங்களிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். வரிசைப்படிதான் எனக்குச் சொல்லத் தெரியும்; நடுவில் கொட்டாவி வந்தால் விட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பிறகு, எந்தத் துணிச்சலிலோ முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தேன். டிராகன் பறக்கும் இக்கால மிகுபுனைவு நாவல்களுக்கும் பழைய செர்மானியக் காவியங்களுக்கும் என்ன உறவு என்பது பொருள். ஏற்காட்டில் என் வீட்டுப் பக்கம் தலைச்சோலை பஸ்ஸுக்குக் காத்திருந்த உங்களிடம் அதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பொதையலுக்குப் பாம்பு காவல்னு எங்கூரு செம்மநத்தத்துல எல்லாருக்குமே தெரியுமுங்க சார். இதுக்கு ஏனுங்க ஆராய்ச்சி?" என்றீர்கள். பஸ் வந்துவிட்டது. தலைப்பை மாற்றிவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

எட்டு வருடம் குறிப்பு அட்டைகள் எழுதினேன். ஆய்வேட்டில் ஒரு வரி எழுதவில்லை. நான் படிக்காத ஏதோ ஒரு நூல் எங்கோ இருந்து என்னைப் பொய்யனாக்கிவிடும் என்ற பயம். கடைசியாக ஆறு மாத நீட்டிப்பு கொடுத்தார்கள். தவறினால் பதிவே ரத்து. அந்த மழைக்காலத்தில் மூடுபனி என் வீட்டுக்குள்ளேயே குடியிருந்தது. பதினொரு செருப்புப் பெட்டிகளில் இருந்த அட்டைகளிலும் பூஞ்சை பிடித்தது.

"காபி காயற களத்துல உங்க அட்டை காயாதுங்களாக்கும்?" என்று எஸ்டேட் ஜீப்பை அனுப்பினீர்கள். தை மாத வெயில். களத்தின் ஓரப் பகுதியில் அட்டைகளை அகர வரிசையில் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல் வைத்தேன். மதியமாகிவிட்டது. நீங்கள் வற்புறுத்தியதால் உங்கள் வீட்டில் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது இரண்டு பெண்கள் நீளக்காம்பு வைத்த மரப்பலகையால் என் எட்டு வருடத்தைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். கூழாங்கற்களைப் பொறுக்கி ஓரமாகக் குவித்திருந்தார்கள். களத்தில் கல் கிடந்தால் நீங்கள் திட்டுவீர்களாம்.

களத்தில் காய்வது எதுவானாலும் அரை மணிக்கொரு முறை கிளற வேண்டும் என்பது உங்கள் உத்தரவு. என் அட்டைகளுக்கு விலக்கு உண்டென்று சொல்ல உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"ரெண்டு பக்கமும் நல்லாக் காஞ்சிருச்சுங்க," என்றார் அவர்களில் மூத்தவர். நன்றி சொன்னேன். பிறகு ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

நீங்கள் பக்கத்தில் குந்தி, குவியலிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்தீர்கள். ஒன்று காவியத்து டிராகன், மற்றது நாவலில் வருவது. இரண்டும் பொன் குவியலின் மேல் படுத்திருந்தன.

"அந்தப் பொன்ன அது திங்குதுங்களா?"

இல்லை என்றேன்.

"போட்டுக்குதுங்களா?"

இல்லை.

"அப்பறம் ஏனுங்க அது மேல படுத்திருக்குது?"

அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்றேன். நீங்கள் குவியலைப் பார்த்தீர்கள், பிறகு என்னை.

"பயமுங்க சார். எடுத்துப் பொழங்குனா கொறைஞ்சு போயிருமோன்னு பயம். தப்பா நெனைக்காதீங்க, நீங்களுந்தான் எட்டு வருசமா அட்டை மேல படுத்திருக்கறீங்க."

கோபித்துக்கொண்டு ஏற்காட்டுக்கு நடந்தே கிளம்பினேன். வாழ்க்கையில் நான் வெளிப்படையாகப் பட்ட ஒரே கோபம் அதுதான் என்று நினைக்கிறேன். அதைக் கடைசிவரை நடத்திச் செல்ல எனக்குக் கால் போதவில்லை. இரண்டாவது மேட்டில் ஜீப் வந்து நின்றது. பின்னால் பெட்டிகள், முன்னால் நீங்கள். ஏறிக்கொண்டேன்.

மறுபடி அடுக்க நாள் இல்லை. கலைந்தபடியே எடுத்து எழுதினேன். தனித்தனிப் பெட்டியில் நான் பிரித்து வைத்திருந்த காவியமும் நாவலும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. ஆய்வேடு அங்கேதான் இருந்திருக்கிறது. கெடுவுக்கு முதல் நாள் கொடுத்துவிட்டேன். அதன் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு, நீங்கள் படுத்திருந்த சேலம் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, அதைத் தூக்க முடியாமல் மடியில் வாங்கி, "இத்தனையும் பாம்புங்களா?" என்று கேட்டீர்கள். ஆடி பிறக்குமுன் போய்விட்டீர்கள்.

வியாழக்கிழமை தேர்வாளர் அம்மையார் கேட்ட முதல் கேள்வி: தனக்குப் பயன்படாத பொன்னை டிராகன் ஏன் காக்கிறது? தயாரித்துப் போன பதில்கள் அத்தனையும் மலையிறங்கும்போதே கொண்டை ஊசி வளைவுகளில் உதிர்ந்துவிட்டன. பயம் என்றேன். நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பிறகு, இதற்கு மூலம் எது, நூற்பட்டியலில் காணோமே என்றார். எட்டு வருடம் நான் பயந்திருந்த கேள்வி.

"தலைச்சோலையில் எஸ்டேட் ரைட்டர் ஒருவருங்க. நேர்ப்பேச்சு."

அவர் சிரிக்கவில்லை. அடிக்குறிப்பாகச் சேர்த்துக் கொடுத்தால் போதும், பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்றார்.

அடிக்குறிப்புக்குப் பெயர், இடம், தேதி வேண்டும். பெயரும் இடமும் எழுதிவிட்டேன். ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் தேதி போடுகிறவன், அன்று கோபத்தில் எங்கும் குறிக்கவில்லை. பதினொரு பெட்டியும் பார்த்தாயிற்று. 'தை மாதம், மதியச் சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதியிருக்கிறேன். ஏற்பார்களா, தெரியவில்லை.

நீங்கள் சொன்னதைப் புது அட்டை ஒன்றில், உங்கள் பேச்சைத் திருத்தாமல் எழுதினேன். தேதி வரவேண்டிய மூலையில் அந்தத் தொலியை ஒட்டினேன். எந்த எழுத்தின் கீழ் வைப்பது என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைவீதிக்குக் கிளம்பினேன். பெட்டிக்கு வெளியே நான் வைத்திருக்கும் முதல் அட்டை இது.