அம்மா விமானத்தில் எதைத் தின்பாள்

பங்காய், ஹாஅபாய், தோங்கா
2018 ஜூலை 3, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் லெசியேலிக்கு உன் தந்தை எழுதுவது. இன்னொரு காலையைக் காணக் கண்விழிக்கச் செய்த ஆண்டவருக்கு முதல் நன்றி. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், வேலியை உடைப்பதில் சலிக்காத நம் பன்றிகளும் சுகம். சிட்னியில் நீயும் மருமகனும், மே 11 அன்று பிறந்து இதுவரை புகைப்படத்தில் மட்டுமே எனக்கு முகம் காட்டியிருக்கும் பேரனும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஜூன் 12 எனத் தேதியிட்டு நீ அனுப்பிய கடிதம் ஜூன் 28 அன்று வந்து சேர்ந்தது. இடைப்பட்ட நாட்களில் அது எந்தத் தீவில் விருந்தாடியது என்பதை அஞ்சலகத்தார் சொல்ல மறுக்கிறார்கள். இதற்குத் தொலைபேசியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் தொலைபேசியை எடுத்தவுடன் உன் அம்மாவுக்கு அருகிலேயே ஏதோ துடைக்கும் வேலை வந்துவிடுகிறது. அவள் கேட்கக் கூடாத செய்தி என்பதால் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 26, ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருக்கும் பேரனின் திருமுழுக்குக்காக அம்மா ஆகஸ்ட் 16 அன்று புறப்பட வேண்டும் என்றும், விமானத்தில் தின்பதற்கு அவள் எவற்றை எடுத்து வரவேண்டும் என்றும் நீ ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கிறாய். வறுத்த பாதாம், நீளவாக்கில் நறுக்கிய காரட், தோல் சீவாத ஆப்பிள், உப்பே போடாத பிஸ்கட். படித்து முடித்தபோது சிட்னிக்கு வரப்போவது உன் அம்மாவா அல்லது முயலா என்ற ஐயம் எழுந்தது. அதையாவது பொறுத்துக்கொண்டேன். கடைசியில், யாருக்கும் கொடுக்காமல் அம்மா மட்டும் சாப்பிட வேண்டும் என்று எழுதி அடிக்கோடும் இட்டிருக்கிறாயே, அந்தக் கோட்டைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்திரேலியாவின் காற்று மிகவும் நல்லது என்பார்கள். ஒன்பதே ஆண்டுகளில் ஒரு தோங்காப் பெண்ணுக்கு, பக்கத்து இருக்கைக்காரர் வெறும் வாயோடு அமர்ந்திருக்கத் தான் மட்டும் பாதாம் மெல்லும் கலையை அது கற்றுக்கொடுத்துவிட்டது. உன் அம்மாவுக்கு அறுபத்து நான்கு வயது. அந்தக் கலையில் அவள் இன்னும் அரிச்சுவடியே தொடங்கவில்லை.

2016 மே 19 அன்று உன் அம்மா உன்னைப் பார்க்கச் சிட்னிக்கு விமானத்தில் வந்தபோது நடந்ததை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அப்போது நீ கால் முறிந்து கட்டோடு படுத்திருந்ததால் முழு விவரம் உன் காதுக்கு எட்டியிராது. சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டால் உரிய நேரத்தில் வயிற்றில் ஏதாவது இறங்கியாக வேண்டும் என்று சொல்லி, அவித்த வள்ளிக்கிழங்கும் ரொட்டியும் நான் என் கையாலேயே கட்டிக் கொடுத்தேன். விமானம் மேலே எழும்பி நேரானவுடன் அவள் பொட்டலத்தைப் பிரித்தாள், வலப்பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தாள், முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்ததால் அவருக்கும் கொடுத்தாள். பிறகு விமானத்தார் ஒரு தட்டு உணவு தந்தார்கள். இடப்பக்கத்தில் ஒரு ரக்பி ஆட்டக்காரன், தோள் இரண்டும் கதவு அகலம். தன் தட்டை அவன் இரண்டே வாயில் காலிசெய்துவிட்டு ஜன்னலைப் பார்த்தானாம். பாவம், ஜன்னலைப் பார்த்தான் என்பதற்காகத் தன் தட்டையும் அவனிடம் தள்ளிவிட்டாள். சிட்னியில் இறங்கி வரிசையில் நின்றவள் அங்கேயே சுருண்டு விழுந்தாள். மருமகன் மாலையோடு காத்திருந்த வாசலுக்கு அவள் தள்ளுநாற்காலியில் வந்தாள். பின்னர் நான் கேட்டதற்கு அவள் சொன்ன விளக்கம், “அந்தப் புள்ள பசியோட இருந்துச்சுங்க, எனக்கென்ன, நான் வீட்ல தின்னுட்டுத்தானே கெளம்பினேன்” என்பதாகும். வீட்டில் தின்றது அதற்கு முந்திய நாள். இந்த ஏப்ரல் 9 அன்று நம் ஊர் மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, இன்னொரு முறை அவ்வாறு விழுந்தால் எழுவார் என்று தம்மால் உறுதி சொல்ல முடியாது என்றார். இதைத்தான் அவள் கேட்கக் கூடாது என்றேன்.

எனினும் உன் கடிதத்தை மதித்துச் சோதனை ஒன்று நடத்தினேன். நல்ல வேளையாகப் பாதாம் நம் சீனர் கடையில், ஒரு பன்றிக்குட்டி வாங்கும் விலைக்குக் கிடைத்தது. ஜூன் 30, சனிக்கிழமை தேவாலயப் பெண்கள் கூட்டத்துக்குப் பேருந்தில் போனவளிடம் அந்தப் பாக்கெட்டைக் கொடுத்து, இது மருந்து, உனக்கு மட்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். திரும்பி வந்ததும் எப்படி இருந்தது என்று விசாரித்தேன். “நல்லா இருந்துச்சுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க” என்றாள். ஓட்டுநர் இரண்டு முறை வாங்கினாராம், மருந்து என்று சொன்னதால் கூடுதல் மரியாதையோடு மென்றாராம். அடுத்து, யாரும் விரும்பாத தின்பண்டமாக இருந்தால் அவளுக்கே மிஞ்சும் என்று கணக்கிட்டு, உன் உப்பில்லாத பிஸ்கட்டை நேற்றைய பாடல் பயிற்சிக்குக் கொடுத்தனுப்பினேன். கொடுப்பதை மறுப்பது இங்கே கொடுக்காமல் இருப்பதைவிடப் பெரிய குற்றம் என்பதை நானும் ஒரு கணம் மறந்துவிட்டேன். அத்தனை பேரும் வாங்கி, முகம் கோணாமல் விழுங்கி, ஆண்டவருக்கு நன்றியும் சொல்லியிருக்கிறார்கள்.

இவ்வளவில் செய்தி உன் அத்தை மெலெனைதேயின் காதுக்குப் போய்விட்டது. அவளுடைய சொல்லுக்கு நம் வீட்டில் மேல்முறையீடு கிடையாது. அண்ணன் தம்பி பிள்ளைகளின் காரியத்தில் அத்தை வைத்ததே சட்டம். நேற்று மாலை வந்து பாயில் உட்கார்ந்தாள், முழுப் பன்றிக்குட்டி ஒன்றைச் சுட்டுக் கொடுப்பதாகவும், விமானத்தில் ஏறியவுடன் ஆளுக்கொரு துண்டு போனால் மீதியை உன் அம்மா நிம்மதியாகத் தின்பாள் என்றும் தீர்ப்பளித்தாள். சிட்னியில் இறைச்சியை இறக்க விடமாட்டார்கள் அக்கா என்று பணிவாகத் தெரிவித்தேன். “எறக்கச் சொன்னது யாரு? எறங்கறதுக்குள்ள தின்னு முடிங்க” என்றாள். பன்றிக்குட்டி தலைநகரம் வரை போவதற்கே, இங்கிருந்து கிளம்பும் சிறிய விமானத்துக்கு ஆளையும் பையையும் ஒன்றாகத் தராசில் ஏற்றி நிறுப்பார்களே, எடை மிஞ்சுமே என்றேன். தராசு என்ற சொல்லை நானே எடுத்துக் கொடுத்தது பெரும் பிழை.

2011 நவம்பர் 8 அன்று அந்த விமானத் திடலில் எனக்கு நேர்ந்ததை நீ அறிவாய். முப்பத்தொரு ஆண்டுகள் இந்தத் தீவுக்கூட்டத்தின் கொப்பரை முழுவதையும் நிறுத்துக் கணக்கு எழுதிய என்னை, மூட்டையை ஏற்றுவதுபோல் தராசில் ஏற்றி, அந்த எண்ணை ஓர் இளைஞன் உரக்கப் படித்தான். படித்ததோடு நிற்காமல், “பெரியவரே, நீங்க நடுவுல உக்காருங்க, இல்லன்னா பிளேன் சுத்திச் சுத்தி இங்கேயே எறங்கும்” என்றான். உடன் பயணம் செய்யவிருந்த நம் தேவாலயப் பாடகர் குழு நான்கு குரலில் சுருதி பிசகாமல் சிரித்தது. அன்றிலிருந்து நான் கப்பலில் மட்டுமே போகிறேன், கப்பல் போகாத இடத்துக்குப் போவதில்லை. ஆகவேதான் உன் வீட்டு வாசலை நான் பார்த்ததில்லை. நீ கடைசியாக இங்கே வந்து போனது 2014 டிசம்பர் 20.

தராசு என்று நான் சொன்னதும் அத்தை விசிறியைக் கீழே வைத்தாள். பிறகு, “டேய் பெனி, அவ தனியா திங்க மாட்டா, நம்ம ஊரு வளர்ப்பு அப்படி. பக்கத்துல வாங்கித் திங்க ஒரு ஆள் வேணும். அதுக்குன்னே பொறந்தவன் நம்ம குடும்பத்துல ஒருத்தன்தான் இருக்கான். அவன் என்னடான்னா தராசைக் கண்டா ஓடுறான். அவ விழுந்தா அவளைத் தூக்கற எடை ஒனக்குப் பெருசா, இல்ல அந்தப் பய படிக்கற எடை பெருசா?” என்று கேட்டுவிட்டு, நான் தேநீர் போடச் சொன்னதையும் பொருட்படுத்தாமல் எழுந்து போய்விட்டாள். இரவு நான் உண்ணவில்லை. அதைக் கண்டு உன் அம்மாவும் உண்ணவில்லை. அந்தக் காட்சியே எனக்கு வழியைக் காட்டிவிட்டது.

ஆகையால் உன் தின்பண்ட ஏற்பாட்டைக் கீழ்க்கண்டவாறு திருத்துகிறேன். சேம்பிலையில் தேங்காய்ப்பாலும் மாட்டிறைச்சியும் பொதிந்து சுட்ட லூ, அவித்த வள்ளிக்கிழங்கு, அத்தையின் பன்றிக்குட்டியில் ஒரு தொடை, இவ்வளவும் வரும். வழியோர இருக்கைக்காரருக்கு முதற்பங்கை முறைப்படி கொடுத்துவிடுவோம், நம் மானம் காக்கப்படும். உன் அம்மா ஜன்னலோரம். நடுவில் நான். என்னைத் தாண்டி அவளுடைய கை எந்த ரக்பி ஆட்டக்காரனையும் எட்டாது என்பதற்கு அந்தத் தராசே சான்று. மீதமுள்ள ஒவ்வொன்றையும் முதலில் நான் ஒரு கடி கடித்துவிட்டு அவள் கையில் கொடுப்பேன். கணவன் கடித்ததை அந்நியருக்கு நீட்டும் அளவுக்கு இந்த நாட்டில் எவளும் கெட்டுப்போகவில்லை. எறிவதோ பாவம். அவள் தின்றே ஆகவேண்டும், தின்னும் வரை நான் இரண்டாவது வாய் வைக்கமாட்டேன். ஐந்து மணி நேரம் நான் பட்டினி கிடப்பதை அவள் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள் என்பதை நேற்றிரவே சோதித்தாயிற்று. உன் பாதாமில் கொஞ்சம் ஓட்டுநரிடம் மீதி இருக்கலாம், கேட்டுப் பார்க்கிறேன்.

இன்று காலை எனக்கும் பயணச்சீட்டு போடச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டேன். சிட்னி விமானத்துக்கு இரண்டு நாள் முன்னதாகத் தலைநகரம் போய்ச் சேர, ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை காலை அந்தத் தராசில் ஏறுவேன். படிக்கிறவன் விருப்பம்போல் உரக்கப் படிக்கட்டும். அத்தை அதைக் கேட்பதற்கென்றே திடலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள், பாடகர் குழுவையும் அழைத்திருப்பாள் என அஞ்சுகிறேன்.

ஆண்டவர் உன் வீட்டையும், பிள்ளையின் உறக்கத்தையும், மருமகனின் வேலையையும் காத்தருள்வாராக. உன் அம்மாவிடம் தொலைபேசியில் மருத்துவர் சொன்னதைப் பற்றி மூச்சு விடாதே. நான் வருவது உன்மேலுள்ள பாசத்தால் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அது முழுப் பொய்யும் அல்ல. வாசலுக்குத் தள்ளுநாற்காலி வேண்டாம், பேரனைத் தூக்கி வந்தால் போதும். மறவாமல் செய்யவேண்டியது ஒன்று. எங்களுக்கென ஒதுக்கும் கட்டிலின் கால்களை மருமகன் ஒருமுறை அசைத்துப் பார்த்துவிடட்டும். எண் எவ்வளவு என்று மட்டும் அவர் கேட்கவேண்டாம்.

இப்படிக்கு,
நடு இருக்கையில் வரும் உன் தந்தை,
பெனிசிமானி