தாமதமாகக் கைதட்டியவர்

மார்ச் 3, செவ்வாய்

பதினான்காவது பாகம் நகர மறுக்கிறது. எழுந்தேன், உட்கார்ந்தேன், துணி மடித்தேன், மடித்ததையே உதறி மறுபடி மடித்தேன். இயக்குநர் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். "அடுத்த வியாழன் ஷூட்டிங். சிரிப்பு வந்தா போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்." திறந்தால் கொட்ட சிரிப்பு என்ன குழாய்த் தண்ணீரா?

நான் எழுதும் டிவி நகைச்சுவைத் தொடரில் நாடு நாற்பது வருடம் முன்னால் போய்விட்டது. இனித் தேர்தலே வேண்டாம் என்று மக்களே ஓட்டுப் போட்டுவிட்டார்கள். தினமும் காலை எட்டு மணிக்குத் தலைவர் ஜெயிப்பார். எல்லாரும் பால்கனியில் நின்று கைதட்ட வேண்டும். மூன்றாவது மாடிக் குடும்பம் பேசுவதையெல்லாம் குறித்துக்கொள்ள, அந்த வீட்டிலேயே ஓர் அரசு ஊழியர் குடியிருக்கிறார். அவருக்குக் காது மந்தம்.

மார்ச் 4, புதன்

பிடித்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் தாமதமாகக் கைதட்டுகிறார் என்று மூன்றாவது மாடிக்காரர் அதிகாரியிடம் புகார் எழுதிக்கொடுக்கிறார். அதிகாரி மேசையைத் தட்டி மிரட்ட, இவர் உளறிக்கொட்ட, பரிசாகப் பெரிய வீடு.

மாலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தொடரின் முதல் ரசிகர் அவர்தான். முதல் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எழுதிக்கொடுக்கும் காட்சி வந்ததும் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மார்ச் 5, வியாழன்

அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தன் அறைக்கே எடுத்துப் போய்விட்டார்.

மார்ச் 7, சனி

"பிடிக்கலையாப்பா?"

"நல்லாத்தான் இருக்கு."

நல்லா இருக்கு என்று சொல்கிற முகமா அது? நாள் முழுக்க மின்விசிறியைக் கழற்றித் துடைத்தார். என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை. எந்த இடத்தில் குத்தியது?

மார்ச் 8, ஞாயிறு

காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"அந்த அதிகாரியைத் தப்பா எழுதியிருக்கம்மா. அவங்க மேசையெல்லாம் தட்டமாட்டாங்க. நாற்காலி போட்டு உக்கார வெப்பாங்க. பொண்ணுக்கு ஜுரம் விட்டுச்சான்னு கேப்பாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப உனக்கு மூணு வயசு."

கெடுபிடி ஆட்சி நடந்த வருடங்கள். தபால் அலுவலகத்தில் அப்பாவுக்கு அடுத்த மேசைக்காரர், என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவராம். கேண்டீனில் ஆட்சியைக் கிண்டலடித்திருக்கிறார். அப்பாவும் சேர்ந்து சிரித்திருக்கிறார். அடுத்த வாரம் அப்பாவே அதே கிண்டலை எழுதி, கையெழுத்துப் போட்டு அதிகாரியிடம் கொடுத்திருக்கிறார். அடுத்த மேசைக்காரருக்கு வேலை போனது. பதினோரு மாதம் சிறை.

"உங்களுக்கு என்ன குடுத்தாங்க?"

"எனக்கு வந்திருந்த வெளியூர் மாற்றல் ரத்தாச்சு. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா — அதுக்குத்தானா? வெங்காயம் பாதியில கிடக்கு. என்னைத் தூக்கி வளர்த்த மனுசன். பேரு கூட எனக்குத் தெரியாது.

மார்ச் 9, திங்கள்

"அந்தப் பாகத்தையே தூக்கிடறேன்" என்றேன்.

"வேண்டாம். சரியா எழுது."

"எப்படி?"

"எழுதிக்குடுத்தவன் நல்லவன்னு எழுதிடாத. பயந்துட்டான்னு மட்டும் எழுதிடாத. பயம் இருந்துச்சு. அதைவிட, அந்த ஊருக்குப் போக எனக்கு இஷ்டமில்ல."

மார்ச் 12, வியாழன்

படப்பிடிப்பு. அதிகாரியாக நடித்தவர் மெதுவாக, பிரியமாகப் பேசினார். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாவது மாடிக்காரர் பேனாவைத் திறந்தபோது தளத்தில் இருமல்கூட இல்லை.

"இதுல சிரிப்பு எங்கங்க?" என்றார் இயக்குநர். கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். "சரி, இருக்கட்டும்."

மார்ச் 17, செவ்வாய்

அப்பா ஓய்வூதியர் சங்கத்துக்கு நடையாய் நடந்து அந்த அடுத்த மேசைக்காரரின் முகவரியை வாங்கிவிட்டார்.

மார்ச் 20, வெள்ளி

இன்று ஏழு மணிக்கு ஒளிபரப்பு. அப்பா மதியமே கிளம்பிவிட்டார். பஸ்ஸில் மூன்று மணி நேரம். "அவன்கூட உக்காந்து பாக்கணும். அப்புறம் துரத்தினா துரத்தட்டும்."

நான் பார்க்கவில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். எட்டு மணிக்கு அழைத்தார்.

"பாத்தீங்களா?"

"பாத்தோம்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. என் முகத்தையும் பாக்கல." பின்னால் ஏதோ கதவு சாத்தும் சத்தம். "கடைசி பஸ் போயிடுச்சு. தலையணையும் போர்வையும் கொண்டுவந்து வெச்சிட்டு உள்ள போயிட்டான்."