கழற்றிவிட்ட லென்ஸ்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்றும் ஒரு பஸ்ஸைக் கோட்டை விட்டேன். பழைய ஃபோனில் ஜூமை இழுத்தால் உள்ளே லென்ஸ் வண்டு மாதிரி உறுமுகிறது, படம் நடுங்குகிறது. பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பும்போது, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் போர்டை மூன்று முறை படம் எடுத்து, மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, "திண்டிவனம்" என்று நான் படித்து முடிப்பதற்குள் பஸ் கிளம்பிப் போய்விட்டது.

பக்கத்தில் நின்ற ஒருவர் கண்ணாடி போட்டுக்கொள்ளலாமே மேடம் என்றார். கண்ணாடி போட்டால் சரியாகிற கண்ணா இது? எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் கலங்கும், சுற்றிலும் இருப்பது தெரியும். இதை எத்தனை பேருக்கு எத்தனை தரம் விளக்குவது. அதனால்தான் ஃபோன். ஃபோனைத் தூக்கிப் பிடித்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஊரே அப்படித்தான் நிற்கிறது.

பஸ் போர்டு, மருந்துக் கடைப் பெயர், என் வகுப்பில் கடைசி பெஞ்சில் யார் கை தூக்குகிறாள் – எல்லாம் இந்த ஐந்து மடங்கு லென்ஸ் வழியாகத்தான். ஐந்து வருஷம் உழைத்துவிட்டது, பாவம்.

நாளைக்குப் புது மாடல் வெளியாகிறது. பத்து மடங்கு லென்ஸ் என்று பேச்சு. ஒரு வருஷமாக இதற்குத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

எடுத்துவிட்டார்கள்.

பத்து மடங்கும் இல்லை, ஐந்தும் இல்லை. அந்த லென்ஸையே கழற்றி எறிந்துவிட்டார்கள். மதியம் ஸ்டாஃப் ரூமில் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அறிமுக விழாவைப் பார்த்தேன். மேடையில் ஒருவர் ஃபோனைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்ட, எல்லோரும் கை தட்டுகிறார்கள். மெலிசாக இருக்கிறதாம். பென்சிலை விட மெலிசு. யார் கேட்டார்கள்? எந்த ஜனம் ரோட்டில் இறங்கி, எங்கள் ஃபோன் தடியாக இருக்கிறது என்று போராட்டம் பண்ணியது?

பேட்டரி பழசை விடக் குறைவு. மெமரி கார்டு போடும் இடம் போன மாடலிலேயே போயாச்சு. பின்பக்கம் இரண்டே லென்ஸ், ஒன்று அகலமாக எடுக்க, ஒன்று சாதாரணமாக எடுக்க. தூரத்தில் இருப்பதற்கு? "ஏஐ ஜூம்." படத்தை வெட்டிப் பெரிதாக்கி, தெரியாத இடத்தை ஃபோனே நிரப்பிக்கொள்ளுமாம். நிரப்பிக்கொள்ளுமா? எதை வைத்து?

விலை மட்டும் மெலியவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

காஸ் புக் பண்ண மறந்துவிட்டேன். எல்லாம் அந்த ஃபோன் எரிச்சல்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் வீட்டில் ஜெனித் உட்கார்ந்திருக்கிறான். என் தம்பி. விழுப்புரத்தில் அம்மாவோடு இருந்துகொண்டு ஃபோன்களைப் பற்றி யூடியூபில் பேசுவதுதான் பிழைப்பு, நன்றாகவே போகிறது. கையில் புதுசு. கம்பெனியே பார்சலில் அனுப்பி இருக்கிறது, வீடியோ போடச் சொல்லி.

வாங்கிப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது, அதுதான் இன்னும் ஆத்திரம். எதிர் வீட்டுக் கதவில் ஒட்டிய ஸ்டிக்கரை இழுத்துப் பார்த்தேன். முதலில் மங்கல், அடுத்த நொடி பளிச். ஜெனித்துக்குப் பெருமை. ஸ்டிக்கரில் என்ன எழுதி இருக்கிறது என்று அவனைப் படிக்கச் சொன்னேன். படிக்க முடியவில்லை. பளிச்சென்று ஏதோ இருக்கிறது, அது எழுத்தில்லை.

"அக்கா, நூறு பேர்ல ஒருத்தருக்குத்தான் அவ்ளோ ஜூம் வேணும். மீதிப் பேரு கொழந்தையையும் சாப்பாட்டையும் எடுத்துக்கினு இருப்பாங்க."

அந்த ஒருத்தி இங்கே காபி போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சர்க்கரையும் போடவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

என் வீட்டுக்காரர் அருண் இவ்வளவு நல்லவராக இருப்பதுதான் பேஜாரு.

மாலையில் ஒலக்கூர் கூட்டுறவு சொசைட்டி வேலை முடிந்து வந்தவர் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தார். புதுசு. போன மாதமே முன்பதிவு செய்துவிட்டாராம். நான் ஒரு வருஷமாகப் புலம்பியதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசிப் பத்து நாளாகத் திட்டியதை மட்டும் கேட்கவில்லை. இல்லை, கேட்டு, கோபத்தில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"இனிமே பஸ்ஸுக்கு நின்னுக்கினு கஷ்டப்படாத வெனிலா" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்து எப்படி, என்னங்க, இதில் லென்ஸே இல்லை என்று சொல்வது? நன்றாக இருக்கிறது என்றேன். அருண் தூங்கப் போகும் வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அசிங்கமாக இருக்கிறது.

நாளைக்கு விநாயகர் சதுர்த்தி லீவு, பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமில்லை. கண்டக்டர் யாரும் ஊர்ப் பேரைக் கூப்பிடவில்லை, கூப்பிடாமலே ரொம்பிவிடும் கூட்டம். புதுசைத் தூக்கினேன். பழசு கைப்பைக்குள்ளேயே இருந்தது. ஆனால் அவர் வாங்கிக் கொடுத்தது, ஒரு தடவை நம்பிப் பார்ப்போம் என்று ஒரு எண்ணம். படம் கண்ணாடி மாதிரி வந்தது. "தி" என்று ஆரம்பம், நீளமான பெயர், கொட்டை எழுத்து. ஏறிவிட்டேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்ததும் ஃபோனை மன்னித்துக்கூட விட்டேன்.

கண்டக்டர் எங்கள் பக்கம் வந்து சேர்வதற்குள் பஸ் ஊரைத் தாண்டிவிட்டது. திண்டிவனம் ஒன்று என்றேன். அவர் கையில் டிக்கெட் மிஷினோடு அப்படியே நின்றார்.

"இது திருக்கோவிலூர் போற வண்டிம்மா. இவ்ளோ பெருசா போர்டு போட்டுக்கினு வர்றோம், படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, பாத்து ஏற மாட்டீங்களா?"

முன் சீட், பின் சீட் எல்லாம் திரும்பியது. எனக்கு முகங்கள் தெரியாது, திரும்புவது மட்டும் தெரியும். வழியில் இருக்கும் காணையில் இறக்கிவிட்டார். அவர் மேல் தப்பில்லை.

ரோட்டின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்றுகூடப் புரியாமல் ஜெனித்தைக் கூப்பிட்டேன். பைக்கில் வந்தான். அழுது முடித்திருந்தேன் – அவனிடம் ஃபோனை மட்டும் நீட்டினேன். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"தி மட்டும்தான்க்கா நெஜம்" என்றான். "மீதியை அதுவா வரைஞ்சிருக்கு. இப்பிடி ஒரு எழுத்தே தமிழ்ல கெடையாது."

திண்டிவனம் வரை பைக்கிலேயே கொண்டுவந்து விட்டான். அருணிடம் பஸ் கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 27, புதன்

என் தம்பியின் வீடியோ வந்துவிட்டது. இன்று காலை.

"தூரத்துல இருக்கற எழுத்துகூடப் பளிச்னு தெரியுதுங்க" என்கிறான். சிரித்துக்கொண்டு. நேற்றுச் சாயங்காலம் காணை ரோட்டில் நின்று இப்படி ஒரு எழுத்தே கிடையாது என்று சொன்ன அதே வாய்.

உடனே கூப்பிட்டேன். வீடியோ போன வாரமே எடுத்து அனுப்பி கம்பெனி சரி சொல்லிவிட்டதாம், இன்றைக்குப் போட்டே ஆக வேண்டுமாம், இனி மாற்றினால் அடுத்த ஃபோன் அவனுக்கு வராதாம். வராவிட்டால் என்ன என்றேன். அம்மாவும் நானும் என்னக்கா சாப்பிடுவோம் என்றான். அவன் கேட்டது சரிதான், அந்த ஆத்திரத்தில் இன்னும் கத்தினேன். உன்னைப் பார்த்து என்னை மாதிரி ஒருத்தி வாங்குவாளே, அவள் எந்த ஊரில் இறங்கி நிற்பாள் என்று கேட்டேன்.

"உனக்குன்னு தனியா ஒரு ஃபோன் செய்ய மாட்டாங்கக்கா."

வைத்துவிட்டேன்.

உண்மைதான். அதுதான் தாங்கவில்லை. எனக்காக யாரும் எதுவும் செய்யவில்லை. யாரோ கிரிக்கெட் மேட்சில் தூரத்து ஆட்டக்காரனைப் படம் எடுக்கட்டும் என்று வைத்த லென்ஸ், எனக்குக் கண்ணாக இருந்தது. அவர்களுக்கு அது தெரியாது. எடுத்தபோதும் தெரியாது. யாரைப் போய்த் திட்டுவது?

ஆகஸ்ட் 30, சனி

பழசை சர்வீஸ் கடையில் காட்டினோம். அந்த மாடலுக்கு லென்ஸ் வருவது நின்றுவிட்டதாம். கடைக்காரர் புதுசைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல ஃபோன் வைத்துக்கொண்டு எதற்கு மேடம் இது என்றார். அருண் என்னைப் பார்த்தார். வெளியே வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், காணை உட்பட.

பழைய ஃபோனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "முன்னாடியே சொல்லி இருக்கலாம் இல்ல" என்றார். ஃபோனைப் பற்றியா, காணையைப் பற்றியா என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது உள்ளேயே கிடந்து அரிக்கும்.

பழசில் லென்ஸ் நேற்றே அடங்கிவிட்டது. பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியலுக்குப் புதுசைத்தான் எடுத்துப் போனேன். கடைசி பெஞ்சில் பிரின்சி. படத்தில் மழமழவென்று சிரித்த முகம். என்ன பிரின்சி, பாடத்தை விட நல்ல கதை ஏதாவது ஓடுகிறதா, எங்களுக்கும் சொல் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

முன் பெஞ்ச் இசைவாணி எழுந்து வந்து என் காதருகில் சொன்னாள்: "மிஸ், அவ காலைலேர்ந்து அழுதுக்கினு இருக்கா. அவங்க அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க."

ஃபோன் அழுகையைத் துடைத்துவிட்டு எனக்கு ஒரு முகம் வரைந்து கொடுத்திருக்கிறது. நான் அதை நம்பி ஒரு பெண்ணை நாற்பது பேர் நடுவில் குத்திவிட்டேன். கடைசி பெஞ்ச் வரை நடந்து போனேன். பக்கத்தில் போனால்தான் எனக்கு ஒரு முகம் முகமாகத் தெரியும். அவள் தோளைத் தொட்டு, எனக்குத் தெரியலம்மா என்றேன். அப்புறம் அங்கேயே நின்று எல்லோரிடமும் சொன்னேன் – என் கண் இப்படி, ஃபோனைத் தூக்குவது இதற்காக, புது ஃபோன் இப்படி ஏமாற்றுகிறது. ஹெட்மிஸ்ட்ரஸுக்குத் தெரியும், டீச்சர்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு மட்டும் இத்தனை வருஷம் சொன்னதில்லை. பட்டப்பெயர் வைப்பார்கள் என்று பயம்.

முதலில் பேசியது இசைவாணிதான்.

"நாங்க உங்க ஃபோனுக்குத்தான் பயந்துக்கினு இருந்தோம் மிஸ். வீடியோ எடுத்து ஹெச்செம் மிஸ் கிட்ட காட்டறீங்கன்னு."

இத்தனை வருஷமாகவா? ஒவ்வொரு வகுப்பும் அப்படித்தான் நினைத்து உட்கார்ந்திருந்ததா? அதனால்தான் நான் ஃபோனைத் தூக்கினால் பிள்ளைகள் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்தார்களா – நான் என் வகுப்பு ஒழுங்கு என்று பெருமைப்பட்டேனே.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஜெனித் வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று பழைய ஃபோனையும் புதுசையும் கேட்டான், அவனுடையது கம்பெனிக்குத் திரும்பிப் போய்விட்டதாம். எதற்கு என்றேன். பஸ் ஸ்டாண்டுக்கு என்றான். கொடுத்துவிட்டு வந்து துணி துவைத்தேன்.

செப்டம்பர் 10, புதன்

பதினொன்றாம் வகுப்பில் இப்போது கை தூக்குவதில்லை. பேரைச் சொல்லிவிட்டுப் பேசுகிறார்கள். அவர்களாக ஆரம்பித்தது. ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் பேரைச் சொன்னால் மார்க்கெட் மாதிரி இருக்கிறது. பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்க்கிறார். தலைவலி.

பிரின்சி அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்களாம். அவளே வந்து சொன்னாள், பேரைச் சொல்லிவிட்டு.

செப்டம்பர் 15, திங்கள்

ஜெனித் வீடியோ. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் எடுத்தது. ஒரே இடத்தில் நின்று, ஒரே போர்டை, இரண்டு ஃபோனிலும். பழசில் லென்ஸைத் தட்டித் தட்டி எப்படியோ ஒரு படம் வாங்கி இருக்கிறான், நடுக்கத்தோடு, ஆனால் படிக்க முடிகிறது. புதுசில் அந்த இல்லாத எழுத்து. போன வீடியோவில் நான் சொன்னது தப்பு என்று நேராகச் சொல்கிறான். எங்க அக்கா இதை நம்பி வேற பஸ்ல ஏறிட்டாங்க என்கிறான். என்னைக் கேட்காமல். கோபம் வந்தது, திரும்பவும் போட்டுக் கேட்டேன்.

கீழே கருத்துகள். பொறாமையில் பேசுகிறான் என்று பாதிப் பேர். கண் தெரியாதவர்களுக்கு எதற்கு கேமரா என்று ஒரு மகாராசன். கடலூர்ப் பக்கம் ஒரு பெண் மட்டும், எனக்கும் இதே கண், நான் வாங்க இருந்தேன், நிறுத்திவிட்டேன் என்று எழுதி இருந்தாள்.

கம்பெனி ஒன்றும் சொல்லவில்லை. அவனைத் தங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிட்டது, அவ்வளவுதான். அம்மா என்னைத் திட்டினார்கள்.

நவம்பர் 6, வியாழன்

இப்போது ஆட்களைக் கேட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். திண்டிவனம் வண்டி எதுங்க என்றால் எல்லோரும் சொல்கிற பதில், "அதோ நிக்குதே." எதோ? கையைக் காட்டுகிறார்களா, தாடையைக் காட்டுகிறார்களா என்றே எனக்குத் தெரியாது. எனக்குக் கண் சரியாகத் தெரியாது, கொஞ்சம் கொண்டுபோய் விடுங்க என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். முதல் வாரம் சொல்லக் கூச்சமாக இருந்தது. இப்போது சொல்லி முடிப்பதற்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அது வேறு தொல்லை.

புதுசை அருண் வைத்திருக்கிறார். படம் நன்றாக வருகிறது என்கிறார். வரட்டும்.

பிப்ரவரி 5, வியாழன்

ஜெனித் இப்போது மிக்ஸி, ஃபேன் எல்லாம் வாங்கிப் பிரித்து வீடியோ போடுகிறான். ஃபோனைப் பற்றிப் பேசுவதென்றால் கடையில் கேட்டு வாங்கி இரண்டு நாள் வைத்திருந்து கொடுக்கிறான். முன்பு மாதிரி இல்லை, ஆனால் ஓடுகிறது.

சாயங்காலம் கூப்பிட்டான். அடுத்த மாடல் பற்றிச் செய்தி கசிந்திருக்கிறதாம், மூச்சு விடாமல் ஆரம்பித்தான். அப்போதுதான் பிரின்சி என்னை பஸ் ஸ்டாண்ட் வரை கூட்டிக்கொண்டு வந்து, வழியெல்லாம் தேய்மானக் கணக்கில் நான் சொன்னது தப்பு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பாதி அவள் சொல்வது சரி போலவும் இருந்தது. அப்புறம் பேசுறேன்டா என்று வைத்துவிட்டேன். அவளை ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

மயிலம் தாண்டித்தான் நினைவு வந்தது. அந்த லென்ஸ் திரும்ப வருகிறதா இல்லையா என்று நான் கேட்கவே இல்லை.