நாலாவது படத்தில் இல்லாத புள்ளி

என் அன்புக் கயல்,

உன் முதல் வருட நினைவு நாளுக்குப் பள்ளியில் ஒரு கடிதம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். முன்வரிசையில் உன் அம்மா உட்கார்ந்திருப்பார் என்று நினைத்ததும் கை நின்றுவிடுகிறது.

கம்ப்யூட்டர் அறையில் நம் இடம் அப்படியேதான் இருக்கிறது. எங்கோ ஒரு மலை மேல் இருக்கும் தொலைநோக்கி, வானத்தின் ஒரே இடத்தைச் சில நிமிட இடைவெளியில் எடுத்த நான்கு நான்கு படங்கள் இன்னமும் வருகின்றன. மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். நட்சத்திரங்கள் அசையாமல் நிற்க, ஒரு புள்ளி மட்டும் நேர்கோட்டில் நகர்ந்தால் அது சிறுகோளாக இருக்கலாம்; குறித்து, படம் தருகிற ஆய்வுக் குழுவுக்கே அனுப்ப வேண்டும். "இது தூசுடி, அடுத்தது" என்று சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

நம் கடைசிப் புள்ளி நினைவிருக்கிறதா? மூன்று படங்களில் நகர்ந்தது. நாலாவதில் காணோம்.

"பக்கத்துல பெரிய நட்சத்திரம் இருக்குல்ல, அந்த வெளிச்சத்துல மறைஞ்சிருக்கும்டி," என்றேன்.

"நீ ஆசைப்பட்டா மறைஞ்சிருமா? நாலுலயும் இருந்தாதான் அனுப்பணும். விடு," என்றாய்.

அடுத்த வாரம் நீ காய்ச்சலோடு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, உனக்குச் சந்தோஷமாக இருக்கட்டுமென்று உன் பெயரில் அனுப்பிவிட்டேன். நீ திரும்பி வரவில்லை. உன் பதினாறாம் நாளுக்கு முந்தின நாள் பதில் வந்தது. கிடைத்தது, சரிபார்த்துச் சொல்கிறோம் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. அச்செடுத்து உன் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"இதுல என்ன பாப்பா போட்டிருக்கு?" என்று உன் அம்மா கேட்டார்.

"கயல் ஒரு சிறுகோள் கண்டுபிடிச்சிருக்கான்னு போட்டிருக்கும்மா."

ஏன் அப்படிச் சொன்னேன்? அன்றைக்குத்தான் அவர் உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டார். மறுநாளே அந்தக் காகிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் போய், உன் படத்துக்குப் பக்கத்தில் மாலையோடு தொங்கியது.

பிறகு முடிவு வந்தது. அந்தப் புள்ளி போயிருக்க வேண்டிய பாதையில் தேடினார்களாம். ஒன்றுமே இல்லை. நீ சொன்னதுதான் சரி.

இதை யாரிடம் சொல்வேன்? இப்போது குறுவை நடவு. வாய்க்கால் பாலத்தில் என் சைக்கிளைக் கண்டாலே உன் அம்மா கையில் நாற்றோடு நிமிர்ந்து கத்துகிறார்: "பாப்பா, இன்னிக்கு வானத்துல எங்க இருக்கா எம்பொண்ணு?" நான் மேற்கே எங்கேயாவது கை காட்டுகிறேன். கூட நடுகிற ஒரு அக்கா, "மேலேருந்து பாத்துக்கிட்டுருக்கா உன் மவ, கோணலா நட்டுத் தொலைக்காத!" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், உன் அம்மாவும். நான் வேகமாக மிதித்துத் தப்பிக்கிறேன். வேறு வழியில் போகலாமென்றால், பள்ளிக்கு இருப்பதே அந்த ஒரு பாலம்தான்.

நேற்று என்னை நிறுத்தியே விட்டார். "மேடையில அந்தக் கோளைப் பத்தி நல்லா சொல்லணும் பாப்பா. ஊரே வருது."

கயல், அவர் கேட்கிற மாதிரிக் கடிதம் எனக்கு எழுத வரவில்லை. இதுதான் வந்தது. இன்று சாயங்காலம் அவர் வயலிலிருந்து வந்து கால் கழுவி உட்கார்ந்ததும், இதை அவருக்கு மட்டும் முதலில் படித்துக்காட்டுவேன். திட்டினாலும் அழுதாலும் ஒரு வரியைக்கூட விடமாட்டேன். மேடையில் படிக்காதே என்றால் படிக்கமாட்டேன். ஆனால் படிப்பதற்கு வேறு கடிதம் என்னிடம் இருக்காது. சத்தியம்.

உன் பேச்சைக் கேட்காத,
உன் அம்மா இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிற,
உன் தோழி மதி