சின்னம்மா குந்தியிருக்கும் பக்கம்

பெட்டியைத் திறந்ததும் அச்சு மையின் வாசம் முகத்தில் அடித்தது. அச்சகத்திலிருந்து பஸ்ஸில் போட்டு அனுப்பிய பெட்டி. எங்கள் முன்பள்ளி அலுமாரிக்குப் பக்கத்தில் இரண்டு நாளாகக் கிடந்தது. பிள்ளைகள் அதன் மேல் ஏறி இருந்தார்கள். நான் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மூன்றாம் நாள் காலை, பிள்ளைகள் வருமுன், கத்தியெடுத்து வெட்டினேன். எங்கள் புத்தகமடி. முன் மட்டையில் நீ படமாய்க் கீறிய சிறுமி செல்லம் பஸ் தரிப்பில் நிற்கிறாள். அவளுடைய மஞ்சள் சட்டை நீ போட்ட மஞ்சளைவிடக் கொஞ்சம் கடுமையாய் வந்திருக்கிறது. கடைசிக்கு முந்திய பக்கத்தைப் பார்த்தேன். மூடி வைத்தேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கிளிநொச்சியில் நடந்த பயிற்சி வகுப்பில்தான் உன்னைக் கண்டேன். கழிவுப் பொருட்களில் கற்பித்தல் சாதனம் செய்து வரச் சொல்லியிருந்தார்கள். நாங்களெல்லாம் யோகட் கோப்பையில் பூச்செய்து கொண்டுபோக, நீ பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் படம் கீறி, உன் மனுசன் கிழிந்த வலை பொத்துகிற நைலோன் நூலால் தைத்து, ஒரு புத்தகமே கொண்டுவந்தாய். மீன் வாசம் வேறு. அதில் ஒரு சொல்கூட இல்லை. சொல் உனக்கு வராது, நீ எழுது என்று என் மடியில் போட்டாய். அப்படித்தான் விசுவமடுவில் நானும் முல்லைத்தீவுக் கரையில் நீயுமாக, சனிக்கிழமைகளில் பஸ் ஏறி இறங்கி, ஒவ்வொரு புத்தகமாகச் செய்தோம். பானையை உடைத்துவிட்டுப் பூனையில் பழி போட்ட பெடியன், பட்டப்பெயர் சொல்லிச் சிரித்துச் சிநேகிதியை இழந்த பெட்டை என்று எல்லாம் வாயால் வருகிற வினைகள்தான்.

உன் முறை என்னைப் படுத்தியெடுத்தது. முதலில் படத்தை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டுவாய். அவர்கள் பார்த்துச் சொன்னதைவிட ஒரு சொல் கூட எழுதினாலும் வெட்டுவாய். நான் எழுத்தில் கொஞ்சம் சோடனைக்காரி. "நல்லாத்தான் இருக்கு. ஆனா உண்மையில்லை" என்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செல்லத்தின் கதை மட்டும் பிள்ளைகளிடமிருந்து வந்ததில்லை, உன்னிடமிருந்து வந்தது. செல்லத்தின் அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். அம்மா எப்போது வருவாள் என்று அவள் கேட்காத ஆளில்லை. கடைக்காரர் நாளைக்கு என்கிறார், பெரியம்மா நாளைக்கு என்கிறாள், பஸ் கொண்டக்டரும் நாளைக்கு என்கிறார். ஒவ்வொரு நாளும் அவள் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பில் நிற்கிறாள். கடைசிக்கு முந்திய பக்கத்தில் சின்னம்மா அவள் உயரத்துக்குக் குந்தியிருந்து சொல்கிறாள்: "தெரியாது குஞ்சு. தெரிஞ்ச உடனே உனக்குத்தான் முதல் சொல்லுவன்." அடுத்த பக்கத்தில் செல்லம் நல்ல சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு விளையாடப் போகிறாள்.

அந்தப் பக்கத்தைக் கீறிய அன்றுதான் உன் அப்பாவைப் பற்றிச் சொன்னாய். கடல் தொழிலுக்குப் போன அவரின் வள்ளம் திரும்பவில்லை. உன் அம்மா ஒரு மாதமாக, நாளைக்கு வருவார் என்று சொல்லிச் சொல்லி உன்னைப் படுக்க வைத்தா. "அம்மாவில கோவமில்லையடி. ஆனா அதுக்குப் பிறகு, சோறு வச்சிருக்கு எண்டு அவா சொன்னாலும் நான் போய்ச் சட்டியைத் திறந்து பாப்பன்" என்றாய். பிறகு தூரிகையைக் கழுவப் போய்விட்டாய்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் அச்சடிக்க உதவ ஆட்கள் கிடைத்தார்கள். கூட்டத்துக்கு நான் தனியே போனேன். எல்லோருக்கும் படங்கள் பிடித்திருந்தன. ஒருவர் மட்டும் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். பெரியவர்களே தெரியாது என்று சொன்னால் பிள்ளை பயந்துவிடும், ஒரு நம்பிக்கை கொடுக்க வேணும் ரீச்சர் என்றார். நல்ல மனுசன்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன். தலையாட்டியதோடு நின்றேனா, பேனையை எடுத்து, 'அம்மா விரைவில் வருவா' என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். சின்னம்மாவின் படத்தை எடுத்துவிட்டு, பல்லுத் தெரியச் சிரிக்கிற ஒரு சூரியனை அச்சகத்தில் போட்டார்கள். புத்தகம் வந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. நீ பார்க்க வேணும் என்றிருந்தது.

அடுத்த நாள் உன் கட்டிலருகே இருந்தேன். நீ கேட்டது ஒன்றே ஒன்று: "சின்னம்மாவின்ர பக்கம் இருக்குத்தானே?"

"ஓம் ஓம். நாளைக்குக் கொண்டுவந்து காட்டுறன்" என்றேன்.

அந்தச் சொல்லா என் வாயில் வர வேணும்? நீ என்னையே பார்த்தாய், சட்டியின் மூடியைத் திறந்து பார்க்கிற பார்வை. அந்த 'நாளைக்கு' நான் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் பள்ளியில் பெற்றார் கூட்டம் என்று எனக்கே சாக்குச் சொன்னேன். மூன்றாம் நாள் மழை. நாலாம் நாள் காலை உன் மனுசன் போன் எடுத்தார். செத்த வீட்டில் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பிருக்கவில்லை, கால்மாட்டில் நின்றேன்.

நீ போய்ப் பதினொரு மாதம். நடந்தாலும் கிடந்தாலும் ஒரே கேள்விதான், பெட்டி வந்தபிறகு இன்னும் கூடிவிட்டது. உனக்குத் தெரிந்ததா, இல்லையா? தெரியாமல் போயிருந்தால் உன்னை ஏய்த்து அனுப்பியிருக்கிறேன். தெரிந்து போயிருந்தால் அதைவிட மோசம். சமைக்கும்போது உப்பை இரண்டு தரம் போடுவேன், வரவுப் பதிவைப் பாதியில் விட்டுவிட்டு எழும்புவேன்.

போன சனிக்கிழமை, ஒரு புத்தகத்தையும் அலுமாரியில் நான் ஒளித்து வைத்திருந்த, நீ உன் கையால் கீறிய சின்னம்மா படத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். உன் மனுசன் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். கதிரை எடுத்துவரப் போனவரை மறித்து, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். கூட்டம், தலையாட்டல், அந்த வரி, நாளைக்கு என்றது, வராமல் விட்டது. அவர் ஊசியை நிறுத்தவில்லை.

"அவவுக்கு அண்டைக்கே தெரியும் ரீச்சர். நீங்கள் அங்காலை வெளியில போக, பக்கத்தை எடுத்திட்டாள் எண்டு சொன்னவ."

கோபித்தாளா என்று கேட்டேன்.

"அழுதவ. பிறகு, அவள் தானாய் வந்து சொல்லுவாள், அதுவரைக்கும் நீங்கள் கேக்காதேங்கோ எண்டு சொன்னவ. நான் கேக்கேல்லை."

மணலில் இருந்துவிட்டேன். உன்னில் எனக்குக் கோபமும் வந்தது, சொல்லிவிடுகிறேன். ஏனடி என்னிடமே கேட்கவில்லை? ஒரு பேச்சுப் பேசியிருந்தால் அன்றைக்கே அழுது முடித்திருப்பேனே. அவர் எழும்பிப் போய் ஒரு நைலோன் நூல் கட்டையும் வலை ஊசி ஒன்றும் கொண்டுவந்து தந்தார். வாங்கி என் பையில் வைத்தேன்.

இப்போது சின்னம்மாவை நிறப் பிரதி எடுத்து, சூரியனை மூடி ஒவ்வொரு புத்தகத்திலும் தைக்கிறேன். அன்று அந்தப் பக்கத்தில் விரலை வைத்த மனிதருக்கும் போன் எடுத்து, செய்வதைச் சொல்லிவிட்டேன். சங்கடப்பட்டார். புத்தகங்களை எப்போது பிள்ளைகளுக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டார். நாளைக்கு என்று நுனி நாக்கு வரை வந்துவிட்டது. தெரியாது, தைத்து முடிந்த உடனே சொல்கிறேன் என்றேன்.

தைத்து முடிந்த முதல் புத்தகத்தை நேற்றுப் பிள்ளைகளுக்கு வாசித்தேன். முடிந்ததும், தாய் குவைத்தில் இருக்கிற ஒரு பெட்டை எழும்பி வந்து, புத்தகத்தை வாங்கிச் சின்னம்மாவின் பக்கத்து நூல் முடிச்சைத் தடவிப் பார்த்தாள். தன் அம்மாவைப் பற்றிக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ரீச்சர், இந்தப் படம் கீறினவா எப்ப இஞ்சை வருவா?"

கதிரையை விட்டு இறங்கி, அவள் உயரத்துக்குக் குந்தினேன். முழங்கால் நொந்தது.

"அவா வரமாட்டா குஞ்சு. செத்துப்போனா."

உன்னைப் பற்றி அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை என் கையில் திருப்பித் தந்தாள்.

"அப்ப நீங்கள் இன்னொருக்கா வாசியுங்கோ" என்றாள்.