பின்பக்கம் நிறுத்திய கார்

சென்ட் லோரன்ட், மொன்றியல்
02.04.2006

அன்புள்ள கிறகரி அண்ணைக்கு,

நீங்களும் யோசெப்பின் அண்ணியும் பிள்ளை ஜெயனியும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். ஒரே ஊரில் இருக்கிற அண்ணனுக்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் எழுதுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என்ன செய்வது? தொலைபேசியில் கதைத்தால் "பேந்து எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே.

கார் வந்துவிட்டது. நடக்க ஏலாதவர்களுக்கு லீசுக்குக் கார் கொடுக்கிற தொண்டு அமைப்பு கடைசியில் என் பெயரையும் கூப்பிட்டுவிட்டது. சாம்பல் நிறம். காலுக்கு வேலையே இல்லை, பிரேக்கும் வேகமும் கைப்பிடியில்தான். மாதாமாதம் என் உதவிப்பணத்திலிருந்து ஒரு பங்கு கட்டுகிறேன்.

முதல் ஓட்டம் எங்கே தெரியுமா? தெப்பனருக்கு, அதுதான் எங்கள் மூலைக்கடைக்கு, பால் வாங்க. வீட்டில் பால் இருந்தது. இருந்தாலும் போனேன். நோய் வந்த பிறகு யாரையும் கேட்காமல் நான் போன முதல் இடம் அதுதான். பிறகு ஆற்றங்கரை வரை ஓட்டிப்போய் காருக்குள் இருந்தே அந்தப் பாலைக் குடித்தேன். பக்கத்துச் சீற்றில் ஒருவரும் இல்லை, அதுதான் குறை.

இனி ஞாயிறு பூசைக்கு என்னை ஏற்ற வரவேண்டாம். சுற்றிப் போகவேண்டியிருக்கிறது என்று அண்ணி முணுமுணுக்கவும் வேண்டாம். நானே வருவேன்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
செலீன்

*

பியர்பொன்ட்ஸ்
23.04.2006

அன்புத் தங்கச்சி செலீனுக்கு,

உன் காரைக் கண்டேன். என் பழைய வானை அதற்குப் பக்கத்தில் நிறுத்தவே வெட்கமாயிருந்தது. சந்தோசம்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிய அருமைநாதன் அண்ணை என்னைப் பிடித்துக்கொண்டார். கோவில் சபையில் எனக்கு மூத்தவர், களஞ்சியத்தில் மூட்டை தூக்கி முதுகு போன மனுசன். "கிறகரி, உம்மட தங்கச்சி நற்கருணைக்கு நல்லாத்தானே நடந்து போறா. பேந்து உந்தக் கார் என்னத்துக்கு? நாங்கள் முதுகு நோவோட பனிக்குள்ள பஸ்ஸுக்கு நிக்கிறம்" என்றார். பக்கத்தில் நின்றவர்களும் ஓமோம் என்றார்கள். எங்கள் வரிப்பணம்தானே என்று ஒருவர் சொன்னார்.

ஆகவே இனி வரும்போது காரைக் கோவிலுக்குப் பின்பக்கம், சமையலறைப் பக்கமாக நிறுத்து. முன்னால், ஏலாதவர்களுக்கென்று வைத்த அந்த நீலப் பலகைக்குக் கீழே நின்றால் எல்லோர் கண்ணும் அதில்தான் விழுகிறது.

அன்பு அண்ணன்,
கிறகரி

*

சென்ட் லோரன்ட்
07.05.2006

அன்புள்ள அண்ணைக்கு,

பின்பக்கமே நிறுத்துகிறேன். அங்கிருந்து வாசலுக்கு நடை கூடுதல் என்பது உங்களுக்குத் தோன்றவில்லை, பரவாயில்லை. அந்தக் கார் வரிப்பணமும் இல்லை. சனம் விரும்பிக் கொடுத்த பணம்.

நான் எப்படி நடக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை முழுவதும் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. நற்கருணையில் ஆண்டவரை என் காலால் போய் வாங்கவேண்டும் என்ற ஒரு பிடிவாதம், அவ்வளவுதான். திங்கட்கிழமை குசினிக்குப் போவதும் சக்கர நாற்காலியில்தான். சனங்கள் என் ஞாயிறை மட்டும் பார்க்கிறார்கள். நீங்கள் என் திங்களையும் பார்த்தவர்.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். "என்ர தங்கச்சிக்கு நரம்பு வருத்தம், சில நாள் நடப்பா, சில நாள் ஏலாது" என்று அருமைநாதன் அண்ணையிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் சாட்டு என்பார்கள். நீங்கள் சொன்னால் நம்புவார்கள்.

அன்புத் தங்கச்சி,
செலீன்

*

சென்ட் லோரன்ட்
10.09.2006

அன்புள்ள அண்ணைக்கு,

கோடையும் முடிந்துவிட்டது, உங்களிடமிருந்து பதில் இல்லை. கோவிலில் கண்டாலும் கையைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது என் மேசைக்கு இப்போது ஒருவரும் வருவதில்லை. எல்லா மேசையும் நிறைந்திருக்க, என்னைச் சுற்றி மட்டும் வெறும் கதிரைகள்.

போன ஞாயிறு அருமைநாதன் அண்ணை என் கார் கண்ணாடியில் தட்டினார். மரியாதையாகத்தான் கதைத்தார். "தங்கச்சி, குறை நினைக்காதையும். ஃபக்டரியில விழுந்து இடுப்பு முறிஞ்சது, இப்ப சுகம் எண்டு அண்ணை சொன்னவர். அப்ப உந்தக் காரைத் திருப்பிக் குடுத்தால் ஏலாத ஒருத்தருக்கு உதவுமெல்லே?"

நான் எந்த ஃபக்டரியில் விழுந்தேன், அண்ணை? அந்த மனுசனில் எனக்குக் கோபமில்லை. நீங்கள் சொன்னதை நம்பினால் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அவருக்கு முன்னால் உங்களைப் பொய்யனாக்க மனம் வரவில்லை. "யோசிக்கிறன்" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றினேன். வீடு வரும்வரை அழுதேன்.

செலீன்

*

பியர்பொன்ட்ஸ்
24.09.2006

அன்புத் தங்கச்சிக்கு,

உன்னிடம் மறைத்தது பிழைதான். ஜெயனிக்கு அருமைநாதன் அண்ணையின் மகன் றொக்சனைப் பேசிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் விருப்பம். எங்கள் சனம் எப்படி என்று நீ அறிவாய். இடுப்பு என்றால் அது உன்னோடு போய்விடும். நரம்பு என்றால் பரம்பரையோ என்று ஜெயனியையும் சந்தேகிப்பார்கள். அப்படி நேரே இறங்குகிற வருத்தம் இல்லை என்று டொக்டர் சொன்னது எனக்குத் தெரியும். அவர்களுக்கு யார் போய் விளங்கப்படுத்துவது? அண்ணி இரவிரவாகத் தூங்குவதில்லை.

வருகிற ஓகஸ்ட்டில் கலியாணம் வைக்க யோசிக்கிறோம். அதுவரை பொறுத்துக்கொள். நீ வரவேண்டும், அத்தை இல்லாமல் என்ன கலியாணம்? வழமைபோல நடந்து வா. அந்த நாற்காலியை மட்டும் யாரும் காணவேண்டாம்.

உன் அண்ணன்,
கிறகரி

*

சென்ட் லோரன்ட்
08.10.2006

அன்புள்ள அண்ணைக்கு,

ஜெயனிக்காகச் சம்மதிக்கிறேன். அவள் சின்னனில் என் மடியில்தான் சோறு தின்றவள். ஓகஸ்ட் வெக்கை என் கால்களுக்கு ஆகாது. இருந்தாலும் வருவேன்.

நான் கார் வைத்திருப்பதுதான் சனத்துக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். வருத்தக்காரி என்பதைவிடக் களவாகக் கார் வைத்திருப்பவள் என்பது குடும்பத்துக்கு வசதி என்று இப்போதுதான் விளங்குகிறது.

செலீன்

*

பியர்பொன்ட்ஸ்
12.08.2007

தங்கச்சிக்கு,

பிள்ளையின் கலியாணம் குறைவில்லாமல் முடிந்தது, உன்னைத் தவிர. முன்வரிசையில் உனக்கென்று விட்ட கதிரை பூசை முழுக்க வெறுமையாக இருந்தது. அத்தை எங்கே என்று ஜெயனி கேட்டபடியே இருந்தாள். சம்பந்தி வீட்டாரும் கேட்டார்கள். உனக்கு என்மேல் கோபம் இருக்கலாம். அதைக் காட்ட அந்த நாள்தான் கிடைத்ததா? தொலைபேசியையும் எடுக்கிறாய் இல்லை. அண்ணிக்குச் சரியான மனத்தாங்கல்.

கிறகரி

*

சென்ட் லோரன்ட்
09.09.2007

அண்ணைக்கு,

நான் வந்திருந்தேன்.

நீங்கள் சொன்ன இடத்தில், பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினேன். இரண்டு நாள் படுத்திருந்து பலம் சேர்த்துக்கொண்டுதான் வந்தேன். கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தேன். நிலத்தில் பட்டதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு வெக்கை. நாற்காலி டிக்கிக்குள் இருந்தது. கைத்தொலைபேசி மடியில் இருந்தது. கூப்பிட்டிருந்தால் யாராவது வந்து எடுத்துத் தந்திருப்பார்கள். ஆனால் இடுப்பு சுகமான தங்கச்சி நாற்காலியில் வந்தால் அருமைநாதன் அண்ணை என்ன நினைப்பார்? பிள்ளை பீடத்துக்கு முன்னால் நிற்கிற நேரம். கதவை இழுத்து மூடினேன்.

சமையலறை யன்னலால் பாட்டுக் கேட்டது. ஜெயனி வாக்குக் கொடுத்தது கேட்கவில்லை. எல்லோரும் கைதட்டியபோது முடிந்துவிட்டது என்று விளங்கியது. நானும் காருக்குள் இருந்து கைதட்டினேன். சனம் வெளியே வருவதற்கு முன் புறப்பட்டுவிட்டேன். வீட்டு வாசலில், எங்கள் கட்டடத்தைப் பராமரிக்கிற ஹெயிட்டிக்காரர் வரும்வரை காத்திருந்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் நாற்காலியை எடுத்து விரித்துத் தந்தார்.

கோபத்தில் வராமல் விட்டேன் என்று நீங்கள் எழுதியதுதான் தாங்க முடியவில்லை, அண்ணை. வெறும் கதிரையைக் கண்டும், ஒருதரம் பின்பக்கம் வந்து பார்க்க உங்களுக்குத் தோன்றவில்லை.

ஜெயனியும் றொக்சனும் நன்றாக இருக்கட்டும். நீங்கள் சொன்ன பொய்யை நான் கெடுக்கமாட்டேன். காரையும் திருப்பிக் கொடுக்கமாட்டேன்.

இப்போது பக்கத்துப் பிரெஞ்சுக் கோவிலுக்குப் போகிறேன். காரை முன்வாசலில் நிறுத்துகிறேன். நாற்காலியில்தான் உள்ளே போகிறேன், சுவாமியார் பீடத்திலிருந்து இறங்கி வந்து நற்கருணை தருகிறார். பாதிப் பூசை எனக்கு விளங்குவதில்லை. போன ஞாயிறு அவர் என் பக்கத்தில் வந்திருந்து, மொன்றியலில் உங்களுக்குச் சொந்தக்காரர் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார்.

ஒருவரும் இல்லை என்று சொன்னேன்.

செலீன்